பேராச்சியை வெளியே தள்ளிய வீடு

எந்த மழைக்கு முன்னால் இது தொடங்கியது என்பதில் நினைவு தடுமாறுகிறது. சிலர் வேறு வருஷம் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் தாராவியில் பூலோகத்தின் வீடு முதலில் வெளியே தள்ளியது அவன் மனைவி பேராச்சியின் சீப்பை என்பதில் சந்தேகமில்லை. யாரும் தொடாமல் அது தரையில் நகர்ந்து, வாசற்படியைத் தாண்டி, சந்தில் போய்க் கிடந்தது. அடுத்து அவளுடைய சேலைகள், பிறகு கல்யாணத்துக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்த பித்தளைப் பாத்திரமான குத்துப்போணி. பூலோகத்தின் சட்டைகளும் மகள் மாரிசெல்வியின் லேப்டாப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன. பேராச்சி ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளே வைத்தாள். வீடு தள்ளியது. மறுபடியும் வைத்தாள்.

“ஏட்டி, ஒன் வீட்டுக்கு வாந்தி வந்துட்டு போல,” என்றாள் எதிர்வீட்டு ரஷீதா. “ஓமத்தண்ணி குடுத்துப் பாரு.”

பேராச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் தன் சிறுநீரகம் ஒன்றைப் புருஷனுக்குக் கொடுத்திருந்தாள். அவனை அவன் வேலைசெய்த பட்டறையிலிருந்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் ரத்தத்தில் அவளுடைய சிறுநீரகத்துக்கு எதிராக ஒரு படை திரண்டிருந்தது. உள்ளே நுண்ணிய ரத்தக்குழாய்கள் தழும்பேறிக்கொண்டிருந்தன. அந்தச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமலிருக்கக் கொடுத்த சாயங்கால மாத்திரையைப் பல மாதமாக விட்டுவிட்டதைப் பூலோகம் ஒப்புக்கொண்டான்.

“இத்தன வருசம் இருந்தா பம்பாயே ஒருத்தன வெளியாளுன்னு சொல்லாது மேடம். என் ஒடம்புக்கு ஒம்பது வருசம் பத்தாதா?”

மாட்டுங்காவிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் டாக்டர் மாலதி சிரிக்கவில்லை. “பம்பாய்க்கு மறதி உண்டு. உடம்புக்குக் கிடையாது. ஒழுங்கா மாத்திரை சாப்பிடறவாளுக்கே மெதுவா இப்படி ஆறது உண்டு. தள்ளிப்போடலாம். நிறுத்த முடியாது.”

தள்ளிப்போடலாம் என்ற ஒரு சொல் பேராச்சிக்குப் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து மாத்திரைகளை அவளே அவன் வாயில் போட்டாள். பிறகு அவன் அடிவயிற்றில், தன்னுடையது இருக்கும் இடத்தில், உள்ளங்கையை வைத்து, “நீ அசையாத. நா இங்கதான் இருக்கேன்,” என்பாள். வீடும் தணிந்தது, அவள் பொருள்கள் வாசற்படிவரை போய் நின்றுகொண்டன. அப்படியே நாலு தீபாவளி கழிந்தது.

ஐந்தாவது தீபாவளிக்கு முன் சிறுநீரகம் நின்றுபோனது. இனிக் காக்க எதுவும் இல்லையென்று மாத்திரைகளைக் குறைத்தார்கள். வீடு பேராச்சியையே தள்ளத் தொடங்கியது. உள்ளே படுத்தவள் விடியும்போது சந்தில் கிடந்தாள். எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மாரிசெல்வி ஒரு நாள் அறிவித்தாள்: “யம்மா, அப்பாக்கு நா குடுக்கேன். பஸ், கதம். அவ்வளவுதான்.” பிள்ளையின் உடம்பில் கத்தி படுவதைப் பேராச்சியால் நினைக்க முடியவில்லை, புருஷனை இழப்பதையும் நினைக்க முடியவில்லை. அவள் வாய் திறக்குமுன் வீடு பதில் சொல்லிவிட்டது. மாரிசெல்வியின் ஆபீஸ் ஷூவில் ஒன்று, ஒற்றைக் கொலுசு, ஜோடிக் கம்மலில் ஒன்று சந்துக்குப் போயின. பாதி மட்டும். சோதனை முடிவும் அதையே சொன்னது: தாயிடமிருந்து மகளுக்கு வந்த பாதியை அப்பாவின் ரத்தம் ஏற்கெனவே எதிரியாக அடையாளம் கண்டு வைத்திருந்தது.

“ஒன்னப் பாதிகூட அப்பாக்குப் புடிக்கல பாரு,” என்றாள் மகள், அழுகையை அடக்கிக்கொண்டு.

“அவரு இல்லட்டி. அவரு ரத்தம்,” என்றாள் பேராச்சி.

மாரிசெல்வி ஐரோலியில் வேலை பார்க்கிறாள். ரஷீதா மகனோடு அம்பர்நாத்துக்குப் போய்விட்டாள். பூலோகம் வாரத்தில் மூன்று நாள் செம்பூரில் டயாலிசிஸ் செய்துகொள்கிறான்; வேறொருவரின் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறது. பேராச்சி இன்றும் உள்ளேதான் படுக்கிறாள், வெளியேதான் விழிக்கிறாள். சில மாதங்களாக அவளுக்குப் பக்கத்தில் பூலோகமும் படுத்திருக்கிறான். அவனை வீடு தள்ளவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு அவனாகவே வந்துவிடுகிறான்.