நான்கு ஜெனரேட்டர்களும் ஓர் இயக்குநரும்

இடைக்கால அரசு அமைந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வெளிநாட்டு உதவி ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் இயக்குநர் நான்கு பேர் ஆனார். அன்று அலுவலகக் குழாயில் தண்ணீர் வேறு வரவில்லை என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய தலைவர் ஹெலிகாப்டரில் ஏறித் தப்பியபோது கஜானாவோடு அமைச்சகத்தின் திரைச்சீலைகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார். அவர் கிளப்பிய தூசி அடங்கும் முன்பே வெள்ளைக் கார்கள் வந்து இறங்கின. வங்கி, சர்வதேச சபை, பனி நாடு, தீவு நாடு என்று நான்கு தூதுக்குழுக்கள். உதவ வேண்டும் என்ற எண்ணத்தில்தான் வந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்கு குழுக்களும் அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே பேச வேண்டும் என்றன. இயக்குநர் நேரில் வர வேண்டும், வேறு ஆளை அனுப்பினால் மனம் சங்கடப்படும் என்று நாசூக்காகச் சொல்லியும் அனுப்பின. செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நாலு எடத்துக்கும் நானே வரேன்னு சொல்லிடுங்க," என்றார் இயக்குநர் எரிச்சலில். சொன்னபடியே போனார்.

அலுவலக டிரைவர்தான் முதலில் பார்த்தவர். வங்கி வாசலில் அவரை இறக்கிவிட்டுத் திரும்பினால், அவரே அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டு சபைக்குப் போக வேண்டும் என்றார். சபையில் இறக்கிவிட்டு வந்தால் பனி நாட்டுக்கு ஒருவர், அதற்குப் பிறகு தீவு நாட்டுக்கு ஒருவர். மாலையில் நால்வரையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். "மூணு பேரு பின்னாடி, ஒருத்தரு முன்னாடி. நல்லவேளை, அஞ்சாவதா யாரும் இல்ல, சீட்டு பத்தியிருக்காது," என்று பிற்பாடு சொன்னார். அடையாளத்துக்கு அவரே பெயரும் வைத்தார்: வங்கியம்மா, சபையம்மா, பனியம்மா, தீவம்மா. வீட்டில் கதவைத் திறந்த கணவர் ஒரு பல் டாக்டர், யாரையும் அனாவசியமாக வாயைத் திறக்கச் சொல்லாதவர். மனைவி வீட்டில் தங்குவதே இல்லை என்று மாதக்கணக்காகக் குறைபட்டுக்கொண்டிருந்தவர், கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னும் மூன்று தட்டு எடுத்து வைத்தார். நால்வரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார்கள்.

அந்த வீட்டின் பின்னறையில் இயக்குநரின் தங்கை இருந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டுபவன், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். தங்கைக்கு அப்போது ஆறாம் மாதம். இதற்கு முன் ஒரு குழந்தை, பழைய ஆட்சியின் கடைசி வருஷத்தில், நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்த் தவறிவிட்டது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் டாக்டர் தீக்குச்சி கேட்டுக் கத்தியது தங்கையின் காதில் இன்னும் இருந்தது. அதே மத்தியானம் இயக்குநர் அமைச்சகத்தில் யாருக்கோ உரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தங்கை அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் தேவலை என்று இயக்குநருக்கு இருந்தது. இந்தப் பதவியை அவர் ஏற்றுக்கொண்டதே அந்த ஆஸ்பத்திரிக்கு வெளிச்சம் வாங்கத்தான். மற்ற காரணங்களெல்லாம் பேட்டிக்காகச் சொன்னவை.

அதனால்தான் அந்தத் தவறு நடந்தது. நால்வரும் முதல் நாளே, நான்கு இடத்திலும், அதே ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜெனரேட்டர் கேட்டார்கள். நாடே ஒருவரோடொருவர் கலந்து பேச வேண்டும் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவர், தன்னோடு கலந்து பேசவில்லை. தூதுக்குழுக்களுக்கோ கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஜெனரேட்டர் என்றால் கிரேனில் இறக்கலாம், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், கொடி போட்ட தகடு பதிக்கலாம். நான்கும் ஒரே வாரத்தில், நான்கு நிறத்தில் வந்து சேர்ந்தன. முற்றத்தில் ஆம்புலன்ஸ் திரும்ப இடமில்லாமல் போனது. டீசல் மட்டும் ஒரு சொட்டு இல்லை. டீசல் நடைமுறைச் செலவாம், நடைமுறைச் செலவை அரசுதான் ஏற்க வேண்டுமாம். நிதியமைச்சரைப் போய்ப் பார்த்தால், அவர் உட்கார நாற்காலி இல்லாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தார்.

தங்கைக்கு எட்டாம் மாதம் முடியும் தறுவாயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நால்வரும் சமையலறை மேஜையில் கூடினார்கள். பல் டாக்டர் தலைமை தாங்கினார், அதாவது தேநீர் போட்டுக் கொடுத்தார். இதற்குள் ஒவ்வொருவருக்கும் அவரவர் தூதுக்குழுவின் வாடை ஒட்டியிருந்தது. வங்கியம்மா பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சபையம்மா எல்லாரையும் பாராட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார். பனியம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

"எங்க விதியில எரிபொருளுக்கு எடமில்ல," என்றார் வங்கியம்மா.

"எங்களுக்குப் பரிவு இருக்கு. அதிகாரம்தான் இல்ல," என்றார் சபையம்மா.

"நாங்க குடுத்தா மத்தவங்க குடுக்க மாட்டாங்க," என்றார் பனியம்மா.

தங்கை பின்னறையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "அக்கா, ஆஸ்பத்திரி முற்றத்துல நாலு மெஷின் நிக்குது. எனக்கு ஒரு பல்பு எரிஞ்சாப் போதும்," என்றாள். நால்வரில் யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. நால்வருமே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதுவரை வாயே திறக்காத தீவம்மா, சின்ன நாட்டுக்காரி என்பதால் எப்போதும் கடைசியில் பேசுபவர், மெதுவாகச் சொன்னார். "வெள்ளோட்டத்துக்கு டீசல் உண்டு. மெஷின் சரியா ஓடுதான்னு பாக்கணும்ல? அந்தச் செலவு எங்களோடதுதான்."

"எங்களுக்கும் உண்டு," என்றார் வங்கியம்மா, கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு.

"எவ்வளவு நாள் ஓட்டிப் பாக்கலாம்?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"ஆய்வாளர் வந்து திருப்தின்னு கையெழுத்துப் போடுற வரைக்கும்."

"அவர் எப்ப வருவாரு?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக, நான்கு வாயிலிருந்தும் ஒரே சிரிப்பு வந்தது. பல் டாக்டர் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

இப்படித்தான் அந்த ஆஸ்பத்திரி வெள்ளோட்டத்தில் ஓடத் தொடங்கியது. ஒரு வாரம் வங்கியின் மெஷின், மறு வாரம் சபையுடையது, அடுத்து பனி நாடு, தீவு நாடு என்று முறை வைத்து ஓடின. தங்கைக்கு வலி கண்டது ஒரு மத்தியானம். அவளை மேஜையில் படுக்க வைத்த சிறிது நேரத்தில் ஊரெங்கும் கரண்ட் போனது. எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அடுத்ததைக் கிளப்ப வேண்டும் என்று நால்வரும் ஆளுக்கொரு மெஷின் பக்கத்தில் வெயிலில் நின்றார்கள். வங்கியுடையது இருமிவிட்டு நின்றது, சபையுடையது யோசித்தது, பனி நாட்டுடையது பிடித்துக்கொண்டது. உள்ளே அணைந்திருந்த விளக்கு மறுபடி எரிந்தது. பெண் குழந்தை, அழுகை முற்றம் வரை கேட்டது.

சாயங்காலம் தங்கை பல் டாக்டரிடம் சொன்னாள், "அக்கா இருந்ததாலதான் பயமில்லாம இருந்துச்சு மாமா. கடைசி வரைக்கும் கையை விடவே இல்ல." டிரைவர் குறுக்கிட்டார். "நாலு பேரும் என் கண்ணு முன்னாடி முற்றத்துலதானேம்மா நின்னாங்க." தங்கை வலது கையைக் காட்டினாள். விரல்கள் பதிந்த சிவப்புத் தடம் இன்னும் இருந்தது. பல் டாக்டர், வீட்டில் ஐந்தாவது தட்டு இருக்கிறதா என்று மட்டும் யோசித்தார்.

பிறகு வருஷங்கள் ஓடின. அரசியல் சட்டம் எழுதினார்கள், இரண்டு முறை கிழித்துவிட்டு மூன்றாம் முறை எழுதினார்கள். தேர்தல் நடந்தது. ஒரே அடையாள அட்டையோடு வந்த நால்வருக்கும் தேர்தல் அதிகாரி ஒரே வாக்குச்சீட்டுதான் கொடுத்தார். மறைப்புக்குப் பின்னால் விவாதம் நீண்டதால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மின்சாரம் நிலைத்தது. ஒருநாள் ஆய்வாளரும் வந்து, நான்கு மெஷினும் திருப்தி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வேலை முடிந்ததாகத் தூதுக்குழுக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

பனி நாடு போன அன்று பனியம்மா வீட்டுக்கு வரவில்லை. யாரும் தேடவில்லை, ஆனால் தங்கை மகள் இரண்டு நாள் அழுதாள். ஜன்னலைத் திறந்து வைத்துக் கதை சொன்னவர் அவர்தான். சபை போனதும் சபையம்மா போனார். தீவு நாட்டோடு தீவம்மா, யாருக்கும் தொந்தரவு இல்லாமல். பல் டாக்டர் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தார். வங்கி அலுவலகத்தை மூடும் நாள் தெரிந்ததும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கும் போனால் மிச்சம் என்ன என்று கேட்க அவருக்கு ஆளில்லை. அன்று நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு வங்கி வாசலில் போய் நின்றார். விடைபெறும் தேநீர் முடிந்தது. வெள்ளைக் கார்கள் விமான நிலையத்துக்குப் போயின. காவலாளி கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் வெளியே வரவில்லை.

அவர் நடந்தே வீட்டுக்கு வந்தார். வாசலில் தங்கை மகள் உட்கார்ந்து செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க, வாங்க பெரியப்பா," என்றாள்.

"எந்தப் பெரியம்மாடா?"

குழந்தைக்குக் கேள்வி புரியவில்லை. உள்ளே சமையலறையில், பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பச்சை அங்கியை மடித்துத் துணியாக்கி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார் இயக்குநர். கையில் வேலை இல்லாதவர் மாதிரி நிதானமாகத் துடைத்தார். தங்கை அவரைப் பார்த்தாள், பிறகு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். பல் டாக்டர் மேஜையில் இருந்த கடைசித் தட்டையும் எடுத்து அலமாரியில் வைத்தார். அதற்குப் பின்னால், இத்தனை வருஷமும் யாருக்கும் போடாமல் வைத்திருந்த ஐந்தாவது தட்டை எடுத்துத் துடைத்துப் போட்டார்.