டேப்பை நிறுத்திய பிறகு சொன்னது

பஷீரா பொழிச்சலூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. முனிரத்தினம் பல்லாவரத்திலிருந்து நடத்திய சிறுபத்திரிகைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாவலாசிரியர் ஒருவரைச் சந்தித்துப் பேட்டி எழுதிக் கொடுப்பாள். போவதற்கு முன் அவருடைய நாவல்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிடுவாள். அதனாலேயே, பேட்டி என்றால் முகம் சுளிக்கிற ஆட்கள்கூட அவளிடம் மனம் விட்டுப் பேசினார்கள்.

2006 ஜூலையில் சுந்தரராமனின் முறை வந்தது. ஆறு நாவல்கள் எழுதியவர். குரோம்பேட்டை ராதா நகரில் வீடு. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் டேப்ரிக்கார்டரோடு போனாள். எந்த நேரத்தில் எழுதுவார், எதை அடித்துப் போடுவார், எந்தப் பாத்திரம் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்றெல்லாம் தடையில்லாமல் சொன்னார். ஒரே ஒரு கேள்விக்குத்தான் பிடி கொடுக்கவில்லை. அவருடைய ஆறு நாவல்களிலும் அம்மாக்களே கிடையாது. கதை தொடங்கும் முன்பே செத்துப் போயிருப்பார்கள். அது ஏன் என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் காபி வேண்டுமா என்று கேட்டார்.

ஐந்தாவது ஞாயிறன்று டேப்பை நிறுத்தச் சொன்னார். "இதையே ஏன் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க? உங்களுக்குள்ள ஏதோ இருக்கு" என்றார்.

பஷீரா சொன்னாள். ஏன் சொன்னாள் என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்தாள். தன் நாவல்களில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாத மனிதருக்கு இது புரியும் என்று அப்போது தோன்றியது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், அம்மா சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வராந்தாவில் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பஷீரா நாவல் படித்துக்கொண்டிருந்தாள். தங்கை ரூக்சார் வெளியே வந்து, அம்மா கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு மருந்து வாங்கக் கீழே ஓடினாள். இந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று பஷீரா நினைத்தாள். பத்து நிமிடம். உள்ளே போனபோது அம்மா தனியாகவே போய்ச் சேர்ந்திருந்தாள். மருந்தோடு ஓடிவந்த ரூக்சாரிடம், "என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கலிமா சொல்லிட்டுத்தான் போனாங்க" என்று சொன்னாள். ரூக்சார் எட்டு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஆறுதல் அடைந்துவந்தாள். பஷீரா கணவனிடம்கூட உண்மையைச் சொன்னதில்லை.

சுந்தரராமன் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

செப்டம்பரில் ஒரு மாலை கணவன் அக்தர் கடையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையோடு வந்தான். உன் எழுத்தாளர் பேட்டி வந்திருக்கிறது என்று சொல்லி, அவனே ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினான். உங்கள் நாவல்களில் அம்மாக்கள் ஏன் இல்லை என்று வேறு யாரோ கேட்டிருந்தார்கள். சுந்தரராமன் பதில் சொல்லியிருந்தார். பச்சை நாற்காலி, மருந்து வாங்க ஓடிய தங்கை, பத்து நிமிடம் எல்லாம் இருந்தது. 'கையைப் பிடித்தபடி ராமநாமம் சொல்லிப் போனாள் என்று தங்கையிடம் பொய் சொன்னேன். அந்தக் குற்ற உணர்ச்சிதான் என் எழுத்து' என்று முடித்திருந்தார்.

"இதை வெளியில சொல்லவே ஒரு தைரியம் வேணும்" என்றான் அக்தர்.

பஷீராவுக்கு அது என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தவள் தான்தான் என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேரே ராதா நகருக்குப் போனாள். அவர் கூச்சப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் சாதாரணமாக உட்காரச் சொன்னார்.

"உங்க பேரை எங்கயாவது சொன்னேனா?"

"சொல்லல சார். உங்க பேரைப் போட்டுக்கிட்டீங்க."

"எங்கம்மா தொண்ணூறு வயசுல தூக்கத்துல போனா. அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். அதில் வருத்தம் இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் ரூக்சார் உட்கார்ந்திருந்தாள். மேடவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மடியில் அதே பத்திரிகை. அவள் நாவல் படிக்கிறவள் அல்ல. அக்கா பேட்டி கண்டவர் என்பதற்காக வாங்கியிருக்கிறாள்.

"அந்த நாற்காலியில நீதான உக்காந்திருந்த?" என்று கேட்டாள்.

பஷீரா ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அப்ப கலிமா?"

"இல்ல ரூக்சார். நான் போறதுக்குள்ள…"

ரூக்சார் அழவில்லை. பத்திரிகையை நான்காக மடித்தாள். "அம்மா தனியா கிடந்ததைக்கூட நான் பொறுத்துக்குவேன்க்கா. எட்டு வருஷமா என்கிட்ட சொல்லாததை, யாரோ ஒருத்தர்கிட்ட போய்ச் சொல்லியிருக்க பாரு" என்றாள். தடுக்கத் தடுக்க எழுந்து போய்விட்டாள்.

சுந்தரராமனால் தனக்கு நேர்ந்தது துரோகம் என்று அதுவரை பஷீரா குமுறிக்கொண்டிருந்தாள். அதே சொல் தன்னையும் சுட்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றே அக்தரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை, முந்தின நாள் வாசித்துக் காட்டியதற்காகத் தன்னையே நொந்துகொண்டான். அச்சுக்குத் தயாராக இருந்த தன் பேட்டியை முனிரத்தினத்திடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். அவர் காரணம் கேட்டார். அவள் சொல்லவில்லை.

அந்த வருஷம் பெருநாளைக்கு ரூக்சார் வரவில்லை. பஷீரா அனுப்பிய பிரியாணித் தூக்கு கழுவித் திரும்பி வந்தது. கூட ஒரு சேதியும் இல்லை. நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், ரூக்சாரிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை.

"நீ உள்ள போனப்ப அம்மா முகம் எப்படிக்கா இருந்துச்சு? பொய் சொல்லாம சொல்லு."

கண்கள் பாதி திறந்திருந்ததையும், தலை வாசல் பக்கம் திரும்பியிருந்ததையும் பஷீரா சொன்னாள். மறுமுனையில் ரூக்சார் விம்மி அழுதாள். ஆனால் போனை வைக்கவில்லை.