பிந்துவின் பங்கு

மங்கையர்க்கரசி மவுஸை மெல்ல நகர்த்தி, திரையில் தெரிந்த வெளிச்சப் பொட்டின் நடுவே குறி வைத்தாள். எங்கோ இருக்கும் ஒரு கேலக்ஸியின் மையத்திலிருந்து பீறிட்டுப் பாயும் ஜெட் என்ற வாயுத்தாரையில் ஒரு துண்டு அது. பல நாட்டு ரேடியோ தொலைநோக்கிகள் சேர்ந்து வருஷாவருஷம் எடுத்த படங்களை அடுக்கி, பொட்டு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று அளப்பதுதான் வேலை. திரையில் அது மயிரிழைதான் நகர்ந்திருக்கும்.

பக்கத்து மேசையில் பிந்துவுக்கும் அதே வேலை. இருவரும் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த ஊழியர்கள். சாயங்காலம் திருமுல்கேரியில் இருக்கும் வீட்டுக்குப் போகும் வழியில் பிந்து அவளைத் தன் ஸ்கூட்டியில் மெட்டுகுடாவில் இறக்கிவிடுவாள்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைப் பர்மனென்ட் பண்ணலாம்" என்று பிரிவுத் தலைவர் சந்திரசேகரன் சார் சொன்னதிலிருந்து மங்கைக்குத் தூக்கம் போயிற்று. லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் அப்பா மார்ச்சில் ரிட்டயர் ஆகிறார். ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வந்த அன்று சார் பிந்துவைத்தான் கூப்பிட்டார். மங்கை அளந்த ஜெட்டைத் திரையில் காட்டி பிந்து இங்கிலீஷில் விளக்கினாள். பொட்டு ஒளியைவிட வேகமாக ஓடுவதுபோலத் தெரியும், உண்மையில் அப்படி இல்லை, கிட்டத்தட்ட நம்மை நோக்கியே வருவதால் உண்டாகும் தோற்றம் என்றாள். அவர்கள் தலையாட்டிச் சிரித்தார்கள். மங்கை டீக் கோப்பைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அதைச் சொல்லத் தெரியும். அந்த இங்கிலீஷ்தான் வராது.

மறுநாள் சார் அவளைத் தனியாக அழைத்தார்.

"பிந்து வேலையைத் தனியாப் பண்றாளா?"

"பாதிக்கு மேல நான்தான் சார் சரி பண்ணிக் குடுக்கறேன்."

பிந்துவின் அளவுகளில் அவள் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

சாயங்காலம் ஸ்கூட்டியில் பிந்து கேட்டாள். "சார் எதுக்குக் கூப்ட்டாரு?"

"ஒண்ணுமில்ல."

"வேல உனக்குத்தான் கெடைக்கும் பாரு."

"சும்மா சொல்லாத."

"ஹவ், ஆமா, நெஜமாத்தான். வேல கத்துக்குடுத்ததே மங்கைதான், அவளுக்கே குடுங்கன்னு சார்கிட்ட சொல்லிட்டேன். எங்கப்பாக்கு பென்ஷன் வருது, நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்குவேன்."

மங்கை மெட்டுகுடாவில் இறங்கியபோது பிந்துவின் முகத்தைப் பார்க்காமலே நடந்தாள். நாளைக்கு சாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள். போகவில்லை.

மாதக் கடைசியில் பிந்துவின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அவள் மங்கையைக் கட்டிக்கொண்டு, "பார்ட்டி குடுக்காம இருந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மங்கை சாரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பர்மனென்ட் விஷயம்..."

"அது இப்போ இல்லம்மா. ரெண்டு பேர் வேலையும் நீதான் பாக்கறேன்னு நீயும் சொன்னே, அந்தப் பொண்ணும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லிச்சு. இருக்கற சம்பளத்துல ஒரு ஆளே போதும்னு மேல எழுதிட்டேன்."

அவள் திரும்பி வந்தபோது, பியூன் சலீம் பிந்துவின் திரையைத் தூக்கிவந்து மங்கையின் மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். ஒயரைச் செருகி, மங்கை பிந்துவின் ஃபைலைத் திறந்ததும் அதில் பாதி அளந்த ஜெட் ஒன்று தெரிந்தது. சலீம் காலி நாற்காலியை வராந்தாவில் உருட்டிக்கொண்டு போனார். இரண்டு திரைகளுக்கும் இடம் போதவில்லை. மங்கை தன் டிபன் டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தாள்.