தொண்ணூற்றாறு மார்க் குப்பி

எபிசனுக்குச் சொகுசுக் கப்பலில் ஒயின் ஊற்றிக் கொடுக்கிற வேலை. பெரிய விமர்சகர்கள் எந்த ஒயினுக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் போட்டார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த மார்க் அவனுக்கு வேதவாக்கு. இந்தத் தடவை லீவுக்குச் சொந்த ஊரான கருங்கலுக்கு வந்தபோது, தொண்ணூற்றாறு வாங்கிய குப்பி ஒன்றை லுங்கிகளுக்குள் பொதிந்து கொண்டுவந்திருந்தான்.

அது மனைவி அஜிஷாவுக்கு. மகள் ஜினிஷா வயிற்றில் இருக்கும்போது வந்த கொரோனா, அஜிஷாவின் மூக்கிலிருந்து மணத்தை அடியோடு துடைத்துக்கொண்டு போய்விட்டது. பார்க்காத டாக்டர் இல்லை. அடுப்பில் மீன் கருகினால் அடுத்த வீட்டுக்காரி வந்து சொல்லவேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் மணம் இன்னும் தெரியவில்லையே என்றுதான் அழுவாள். தொண்ணூற்றாறு மார்க் மணத்துக்குத் திறக்காத மூக்கும் உண்டா என்று எபிசன் கணக்குப் போட்டான். ஆசை வந்துவிட்டால் மூளை லீவு போட்டுவிடும்தானே!

கிறிஸ்துமஸ் மத்தியானம், கேக் வெட்டியான பிறகு, கார்க்கைத் திருகி எடுத்தான். முதல் வாயை விருந்தாளிதான் பார்த்துச் சொல்லவேண்டும் என்பது கப்பல் வழக்கம். அதன்படி, தான் மோந்து பார்க்காமலே அஜிஷாவுக்கு ஊற்றிக் கொடுத்தான். கிளாசுக்கு எங்கே போக? எவர்சில்வர் டம்ளர்தான்.

"மோந்து பாரு ஏட்டி. செர்ரிப்பழம், ரோசாப்பூ எல்லாம் வரும்னு எழுதியே போட்டிருக்கான்."

அஜிஷா மோந்தாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் மோந்தாள்.

"அத்தான், நனஞ்ச சாக்கு மாதிரியில்லா அடிக்குது?"

எபிசனுக்குச் சுருக்கென்றது. "சாக்கா? தொண்ணூத்தாறு மார்க் வாங்கின சாதனம் இது! ஒனக்க மூக்கு கண்டதையும் காட்டுது." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். டம்ளரை வாங்கித் தானும் மோந்தான்.

சாக்கேதான். மழையில் ஊறி மூலையில் கிடந்த சாக்கு. கார்க் கெட்டு ஒயினையும் கெடுத்திருந்தது. கப்பலிலும் எப்போதாவது இப்படி ஒன்று அகப்படும். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு குப்பி திறப்பார்கள். விமர்சகர் குடித்தது எங்கேயோ ஒரு நல்ல குப்பி. பெயரும் மார்க்கும் அதேதான் என்றாலும், அந்த மனிதர் இந்தக் குப்பியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. இதை மோந்து பார்த்தவள் அஜிஷா. பார்த்துச் சரியாகவும் சொல்லிவிட்டாள்!

அது உறைத்ததும் எபிசனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஏட்டி, ஒள்ளதுதான். எனக்கும் சாக்குதான் அடிக்குது."

அஜிஷா விறுவிறுவென்று உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த ஜினிஷாவின் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்தாள். எபிசன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். கோயிலில் ஜெபம் நடக்கும்போதுகூட அவன் அப்படி அசையாமல் நின்றதில்லை.

"வருதாட்டி?" என்றான் மெதுவாக.

"வேர்வையும் தேங்காண்ணெயும் வருது." அவள் முகத்தை எடுக்கவில்லை. "பின்னெ இன்னொண்ணும் வருது அத்தான். அதுக்குப் பேரு சொல்லத் தெரியல்ல."