கோயில்காட்டு டப்பா

எங்கள் ஊர் இளைஞர் மன்றத் தலைவர் பூமிநாதனுக்கு நாற்பத்தொன்பது முடிந்துவிட்டது. இளைஞர்கள் வந்தார்கள், வயதாகி விலகிப்போனார்கள், தலைவர் விலகவில்லை. பொங்கல் விளையாட்டு விழா பிளெக்ஸில் ஆண்டுதோறும் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிப்பார். சாக்கு ஓட்டத்துக்கு ஆறு பிள்ளைகள் வருவார்கள். தலைமையுரை முடிவதற்குள் நாலு பேர் போய்விடுவார்கள்.

இந்த வருடம் மிச்ச இரண்டு பேரும் வரவில்லை. எல்லோரும் ஊர் அய்யனாரின் கோயில்காட்டுக்குள் கிடந்தார்கள். காரைக்குடியில் கல்லூரி படிக்கும் ஈஸ்வரி, ஒரு டிபன் டப்பாவைக் காட்டுக்குள் ஒளித்துவைத்து, இடத்தைச் செல்போன் செயலியில் ஏற்றிவிட்டாள். ஜியோகேச்சிங் என்று பெயராம். போன் பக்கத்தில் கொண்டுபோய் விடும். மிச்சத்தைக் கண்தான் தேட வேண்டும். திருப்பத்தூர், கோட்டையூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து, சூரைமுள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள்.

"பரிசு என்னத்தா?" என்று ஈஸ்வரியிடம் விசாரித்தார் பூமிநாதன்.

"பரிசெல்லாம் இல்லை மாமா. கண்டுபிடிச்சா உள்ள இருக்குற சீட்டுல பேரெழுதிட்டு, திரும்ப வச்சிரணும்."

"தலைமை தாங்குறது யாரு?"

"டப்பாதான்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பாண்டீஸ்வரி ரசத்தை ஊற்றியபடியே, "இருபது வருசமா மைக் வச்சுக் கூப்பிட்டீக. ஒரு பய வரலை. டப்பா வாயே திறக்கலை, கூட்டம் அம்முது," என்றாள்.

மறுநாள் மத்தியானம், ஆளில்லாத நேரம் பார்த்துக் காட்டுக்குள் போனார். பிள்ளைகள் குனிந்து நிமிரும் இடத்தை முன்பே நோட்டம்விட்டிருந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு எல்லைக்கல் வரை வந்தவருக்கு, அதற்குமேல் கால் நகரவில்லை. அய்யனார் காட்டிலிருந்து சுள்ளிகூட வெளியே போகக்கூடாது. டப்பா சுள்ளியா என்று யோசித்தார். அய்யனார் அந்த வித்தியாசமெல்லாம் பார்ப்பாரா என்பது தெரியவில்லை. காட்டுக்குள்ளேயே திரும்பிவிட்டார்.

பழைய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீரைமரம். அதன் பொந்தில் டப்பாவைச் செருகி, உதிர்ந்து கிடந்த பட்டையொன்றை மறைப்பாகச் சாய்த்தார். எட்ட நின்று பார்த்தார். ஒரு கொடியை இழுத்துவிட்டார். மறுபடி எட்ட நின்றார். மன்றத்துக்காக ஒருநாளும் இவ்வளவு சிரத்தையாக அவர் வேலை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் தோற்றுத் திரும்புவதைக் கண்குளிரப் பார்க்க, சாமி கும்பிடும் சாக்கில் மனைவியோடு வந்தார். பிள்ளைகள் வெகுநேரம் தேடினார்கள். ஒருவழியாகக் கோட்டையூர் நஸ்ரின் பொந்துக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தாள்.

"எத்தனையோ டப்பா எடுத்திருக்கேன்க்கா. இப்பிடி ஒளிச்சு நான் பார்த்ததே இல்லை," என்றாள், அப்போதுதான் வந்துசேர்ந்த ஈஸ்வரியிடம். "எப்பிடிக்கா யோசிச்சீக?"

ஈஸ்வரி பொந்தைப் பார்த்துத் திருதிருவென விழித்தாள். பிள்ளைகள் கைதட்டத் தொடங்கியதும், "சும்மா, தோணுச்சு," என்றாள்.

கைதட்டல் ஓயவில்லை. பூமிநாதன் எந்த மேடையிலும் கேட்டிராத சத்தம் அது. வேலை அவருடையது, சத்தம் போய்ச் சேர்ந்ததோ அவளுக்கு.

"புள்ளைக்கு என்ன மூளை," என்றாள் பாண்டீஸ்வரி. "நீங்களும் இருக்கீகளே."

"அது நான் வச்சதுடி."

கைதட்டல் நின்றது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல்ல கல்லுக்கு அடியில பார்த்தேன், வெளிச்சம் விழுந்துச்சு. பொந்துன்னாலும் சும்மா திணிச்சிர முடியாது. பட்டையைச் சாய்க்கிறதுலதான் சூட்சுமமே இருக்கு..."

"அப்ப அக்கா வச்ச டப்பாவைத் திருடுனது நீங்கதானா அங்கிள்?" என்றாள் நஸ்ரின்.

"எடுத்ததை விடும்மா," என்றார் தலைவர். "வச்சதைப் பேசு."