வேரில் இருந்த முடிச்சு

1

இந்தக் கதை என்னுடைய பிழை ஒன்றிலிருந்து வந்தது. நீர்வேலியில் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் பயற்றஞ்செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்கச் சிறு முடிச்சுகள். ஏதோ நோய் என்று கை கழுவ ஓடினேன். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். இதே பிழையை, சிரிக்க நேரமில்லாத ஒருத்தி செய்தால்?

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘இத்தனை வருடத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்து மண்ணைத் தொட்டபோது கைருன்னிஸாவின் கண்கள்...’

(விட்டுவிட்டேன். அவள் திரும்பி வந்து பத்து வருடமாகிறது. அழுது முடித்துவிட்டாள். வேலை கிடக்கிறது.)

சரி, இப்படித் தொடங்கலாம். கைருன்னிஸாவுக்குப் பயறு வேண்டும். பயறு அவித்து, தேங்காய்ப்பூப் போட்டுக் காலையில் டவுனில் விற்கிறவள் அவள். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது வயது பதினேழு. புத்தளத்தில் மற்றவர்களின் தோட்டங்களில் கூலிக்கு நின்றுதான் பயிர்ச்செய்கை படித்தாள். இப்போது நீர்வேலியில், வெங்காயம் கிண்டி எடுத்த பிறகு சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் கமலாவதியிடம் கேட்டாள். கமலாவதி தனியாளாகத் தோட்டம் செய்கிறவள். எவரையும் லேசில் நம்பாதவள். வெங்காயம் வருடா வருடம் சிறுத்துக்கொண்டு வந்ததால், பயிரை மாற்றிப் பார்ப்போமென்று ஒரு போகத்துக்கு மட்டும் சம்மதித்தாள்.

3

பயறு விதைத்த நாளிலிருந்து கைருன்னிஸா விடியமுன் வந்து தண்ணீர் இறைத்தாள். அது பூ விட்ட கிழமை கமலாவதி வந்தாள். ஒரு செடியைப் பிடுங்கினாள். முகம் கறுத்தது. அவளுடைய கத்தரித் தோட்டம் முழுவதையும் முன்பு வேர்ப்புழு தின்றிருந்தது. அப்போதும் வேரில் இப்படித்தான் முடிச்சு.

“எல்லாத்தையும் இண்டைக்கே பிடுங்கும். பிடுங்கிப்போட்டு நீர் போகலாம்.”

(கமலாவதியைப் பொல்லாதவளாக்கி ஒரு பக்கம் எழுதினேன். பொய்யாக இருந்தது. அவள் பயந்திருந்தாள், அவ்வளவுதான்.)

‘போகலாம்’ என்ற சொல் கைருன்னிஸாவுக்குப் புதிதல்ல. முன்பு ஒருதரம் அவளுடைய ஆட்கள் அந்தச் சொல்லுக்கு எதிர்க்கதை கதைக்காமல் நடந்தவர்கள். இந்த முறை அவள் நடக்கவில்லை. செடியைக் கையில் வாங்கி, பெருவிரலால் ஒரு முடிச்சைத் தள்ளினாள். அது கழன்று விழுந்தது.

“புழுவின்ரை முடிச்செண்டால் வேரோடை வேராய் வீங்கி நிக்கும், அக்கா. இது கழண்டு வருது, பாருங்கோ.”

இன்னொன்றை நகத்தால் பிளந்து காட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் உள்ள சத்தைப் பிடித்துச் செடிக்குப் பசளையாக்கிக் கொடுப்பது இந்த முடிச்சுதான் என்றாள். காய் ஆய்ந்த பிறகு செடியை அப்படியே மண்ணுக்குள் கொத்திவிட்டால் அடுத்த வெங்காயத்துக்கும் நல்லது என்றாள்.

கமலாவதி நம்பவில்லை. தானே ஒன்றைப் பிடுங்கி, தன் நகத்தால் பிளந்தாள். பிறகு இன்னொன்று. நாலாவது செடியில் கை வைத்தபோது கைருன்னிஸா அந்தக் கையைப் பிடித்தாள்.

“காணும் அக்கா. மிச்சம் காய்க்கட்டும்.”

கமலாவதி கையை உதறவில்லை. மற்றக் கையால் விரலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினாள்.

“நாளைக்கு நீர் விடிய வெள்ளன வரவேண்டாம்,” என்றாள். “தண்ணி நான் இறைக்கிறன்.”

4

அறுவடைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. எனக்கு அதை எழுதத் தைரியம் இல்லை. நீங்கள் எழுதுங்கள். மழையைக் கொண்டுவரலாம், பாதிக் காய் செடியிலேயே முளைத்துப் போகலாம், இரண்டு பேரும் இன்னும் பத்துத் தரம் சண்டையில் பிடுங்குப்படலாம். உங்கள் விருப்பம்.

கைருன்னிஸாவை மட்டும் அந்தத் தோட்டத்திலிருந்து அனுப்பிவிடாதீர்கள்.