போறணையில் வைத்த கண்ணாடி

பரமேஸ்வரன் தன் கையால் செய்த காருக்குக் கிளிநொச்சிச் சந்தியில் ‘வள்ளம்’ என்று பெயர். பழைய மொறிஸ் மைனர் ஒன்றின் அடிச்சட்டம், தட்டி நிமிர்த்திய தார்ப்பீப்பாத் தகரத்தில் உடம்பு, இரண்டே இருக்கை, கூரை கிடையாது. உழவு யந்திரம் திருத்துகிற மனுசனுக்கு எதற்கு இந்த வேலை என்று ஊர் கேட்டது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரு தரமாவது ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கேட்டார்கள்.

முன் கண்ணாடி இல்லாமல் ஓடினதுதான் பிழை. எண்பத்திரண்டாம் ஆண்டு மாசியில், பரந்தன் றோட்டில், ஒரு வண்டு வந்து அவன் மனைவி கமலாசனியின் வலது கண்ணில் அடித்தது. எட்டு நாள் கண்ணைக் கட்டியிருந்தாள். கட்டவிழ்த்த அன்று பார்வைக்குப் பழுதில்லை என்று டொக்டர் சொன்னார். ஆனால் அந்த எட்டு நாளும் பரமேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும், அவளோ ஏசவேயில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வள்ளத்தில் போவோமா என்று அவன் மெல்லக் கேட்டபோது மட்டும் வாய் திறந்தாள்.

“கண்ணாடி பூட்டினால் வாறன். இல்லாட்டி பஸ்ஸிலை போறன்.”

வளைந்த சின்னக் கண்ணாடிக்கு எங்கே போவது? அதற்கும் அவளே வழி காட்டினாள். கொழும்பில் வேலை செய்த அவளுடைய தம்பி, அக்காவின் தையல் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதவென்று ஒரு பெர்ஸ்பெக்ஸ் தகடு அனுப்பியிருந்தான். கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக். ஆறு மாதமாக அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்து, நல்ல எழுத்துக்காரன் வரட்டும் என்று காத்திருந்தவள், அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கொடுக்குமுன் ஒரு தரம் தடவிப் பார்த்தாள். அது அவன் மனதில் தைத்தது.

சூடாக்கினால்தான் தகடு வளையும். குசினி அடுப்பில் காட்டினால் ஒரு பக்கம் கருகி மற்றப் பக்கம் விறைத்து நிற்கும். ஆகவே பேக்கரி மாயாண்டியிடம் போனான். மாயாண்டி மலையகத்திலிருந்து வந்து சந்தைக்குப் பின்னால் பாண் போடுகிறவன். விடியற்பாண் இறங்கி, பாண் சுடுகிற போறணை ஆறி வருகிற பத்து மணிக்கு வரச் சொன்னான். ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிந்து, அது கருகாமல் மெல்லச் சிவந்ததும் தலையாட்டினான். தகட்டை வெட்டாமல் முழுசாகவே தள்ளினார்கள். அது துணி போலத் துவண்டதும் இருவருமாகத் தூக்கி, சாக்கு விரித்த பீப்பாவின் மேல் போட்டு அழுத்தினார்கள்.

வளைவு திறமாக வந்தது. ஆனால் ஆறிய பின் தூக்கிப் பிடித்தால், தகடு முழுக்கச் சாக்கின் பின்னல். அதற்கூடாக மாயாண்டியின் முகம் கஞ்சித் தண்ணீருக்குள் கிடப்பதுபோலக் கலங்கித் தெரிந்தது. பாண்மாவை மூடிப் பழகிய கை சாக்கைத்தானே எடுக்கும்? அவனைக் குறை சொல்லி என்ன பயன்.

பரமேஸ்வரன் விறகுக் குற்றியில் இருந்துவிட்டான். காருக்குக் கண்ணாடியும் இல்லை, அவளுக்குப் பலகையும் இல்லை. கண்ணைக் கெடுக்கப் பார்த்தது போதாதென்று, ஆசையாய் வைத்திருந்ததையும் கெடுத்துவிட்டேனே என்று தன்னையே ஏசிக்கொண்டான். கடைசியில் எழும்பி, தகட்டைத் திரும்பச் சூடாக்கச் சொன்னான். இரண்டு பலகைக்கு நடுவே நசுக்கித் தட்டையாக்கினால் தழும்போடாவது அவள் பெயரை எழுதலாம். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகமாட்டேன் என்றான்.

மாயாண்டி உள்ளே தள்ளினான். கொஞ்ச நேரத்தில் குனிந்து பார்த்தவன், பலகை எடுக்கப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“அண்ணே, பலகை வேணாம். இங்க வந்து பாருங்க. தானாவே படுத்துக்கிச்சு.”

வளைவு போயிருந்தது. வெளியே இழுத்து ஆறவிட்டுத் துடைத்தால், பின்னலும் போயிருந்தது. சூடு பட்டதும் தகடு தன் பழைய உருவத்துக்கே திரும்பிவிட்டது. பரமேஸ்வரனுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிற்று. சிரிக்கப் போய்க் கண் கலங்கினான். மாயாண்டி ஒரு பணிஸைக் கையில் திணித்து, முதலில் இதைத் தின்னுங்கள் என்றான்.

வீட்டில் தகட்டை மேசையில் வைத்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். இது பலகையாகவே இருக்கட்டும், கண்ணாடிக்கு வேறு வழி பார்க்கிறேன் என்றும் சொன்னான். கமலாசனி முழுவதையும் கேட்டாள்.

“துணி விசயத்திலை என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே,” என்றாள்.

பிறகு பழைய பேப்பரில் கண்ணாடியின் உருவத்தை வெட்டி, துணி காணாத இடத்தில் சட்டை எடுக்கிற மாதிரி, தகட்டின் மேல் அங்கும் இங்கும் நகர்த்தினாள். மேலோரமாக வைத்தபோது கீழே நீளமாக ஒரு கீலம் மிஞ்சியது. அவள் பெயரையும் ‘தையலகம்’ என்பதையும் எழுத அது தாராளம். பரமேஸ்வரன் தகட்டை அப்படியே இரண்டாக வெட்டினான். அடுத்த நாள் பத்து மணிக்கு, பிள்ளைச்சட்டைக்கு வைத்திருந்த மெத்தென்ற பிளனல் துணியோடு அவளும் பேக்கரிக்கு வந்தாள். பீப்பாவில் சாக்குக்கு மேலே அதைச் சுருக்கமில்லாமல் விரித்து, தகட்டின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தாள். இந்தத் தரம் ஒரு தழும்பும் விழவில்லை.

பொங்கலன்று பின்னேரம் வள்ளம் முல்லைத்தீவு றோட்டில் ஓடியது. தருமபுரம் கழிந்ததும், டொக்கென்று ஒரு வண்டு கமலாசனியின் முகத்துக்கு நேரே வந்து அடித்தது. பரமேஸ்வரன் பதறிப்போனான். றோட்டை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தான். வண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒட்டிக் கிடந்தது. அவள் உள்ளேயிருந்து அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“றோட்டைப் பாருங்கோ,” என்றாள். “என்ரை கண் ரெண்டும் இருக்கு.”